வழித்துணையின் விலை

சங்க காலத்து உமணர்கள் உப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போகும்போது, வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சு ஒன்றையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனார்கள். புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் இதைப் பதிவு செய்திருக்கிறார். அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழ அவருக்குக் கிடைத்த உவமை இந்தச் சேம அச்சுதான். பாரம் மிகுதி, மாடுகளோ இளையவை, போகிற வழியின் மேடுபள்ளம் யாருக்கும் தெரியாது. நடுவழியில் அச்சு முறிந்தால் ஓடிவரத் தச்சர் இல்லை. ஆகவே உதவியைக் கையோடு கட்டிக்கொண்டு போவது ஒன்றே வழி. அந்த மரத்தின் எடைக்கு உப்பு குறைவாக ஏறியிருக்கும். சாலையோர உதவிக்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய விலைக்கணக்கு இதுவாகத்தான் இருக்கும்.

இன்றும் வேதாரண்யத்தை ஒட்டிய அகஸ்தியன்பள்ளி உப்பளங்களிலிருந்து லாரிகள் கிளம்புகின்றன. அடியில் ஸ்டெப்னி தொங்குகிறது. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை வரை சுமார் 10 கி.மீ. தெற்கே போய்ப் பாருங்கள். காவிரி டெல்டா என்றால் பச்சை என்று நினைத்திருப்பவருக்கு அந்த நிலம் வேறு முகம் காட்டும். பாத்தி பாத்தியாக உப்பு நீர், அதற்கப்பால் வெடித்த சேற்றுவெளி, மதிய வெயிலில் கானல். வண்டியை ஓரங்கட்ட நிழலுக்கு மரம் தேட வேண்டும். பாலைக்கென்று தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் அதுவே பாலை என்பது சிலப்பதிகாரம் வகுத்த இலக்கணம். நெல் விளையும் மருதத்திலும், கதவுகள் எல்லாம் சாத்திய பின்னிரவில், வண்டி நின்றுபோனவருக்குச் சுற்றிலும் இருப்பது பாலைதான்.

வளைகுடா நாடுகளில் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பியவர்கள் அதிராம்பட்டினத்திலும் முத்துப்பேட்டையிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ‘ரெக்கவரி வண்டி’ என்றால் என்ன என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மணற்காட்டுச் சாலையில் வண்டி நின்றால், இழுத்துவர ஆகும் தொகை பல நேரம் பழுதுபார்க்கும் தொகையை விஞ்சிவிடும். ஏன் அப்படி? கொள்ளை அடிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. சில நேரம் அது உண்மையும்கூட. ஆனால் கொள்ளையே இல்லாத இடத்திலும் விலை ஏறும். அதன் காரணத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

ஒரு ரெக்கவரி வண்டியை ஒரு நாள் முழுக்க ஆயத்தமாக நிறுத்தி வைக்க 3,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் சம்பளம், உதவியாள் சம்பளம், வண்டிக்கடன் தவணை, காப்பீடு, வரி எல்லாம் சேர்த்து. இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட தொகை, சந்தை விலை இல்லை. தஞ்சாவூர் புறவழிச்சாலையில் அந்த வண்டிக்கு நாளுக்கு 6 அழைப்பு வந்தால் ஆளுக்கு 500 ரூபாய் விழும். அதே வண்டி கோடியக்கரைப் பக்கம் நின்று 3 நாளுக்கு ஓர் அழைப்பு வந்தால், அந்த ஒருவர் தலையில் 9,000 விழும். இன்னும் டீசல் சேரவில்லை. போகும்போது வண்டி காலியாகப் போகிறது, அதற்கும் டீசல் எரியும். வண்டி தஞ்சாவூரிலிருந்தே வருவதானால், அங்கிருந்து வேதாரண்யம் 100 கி.மீ.க்கு மேல். 10 நிமிட வேலைக்காக 200 கி.மீ. ஓட்டம்.

ஆக, நின்றுபோனவர் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு, தான் பெற்ற உதவிக்கானது கிடையாது. யாரும் அழைக்காத நாட்களில் அந்த வண்டி காத்திருந்ததே, அந்தக் காத்திருப்புக்கான கூலி அது. ஆயத்தமாக ஒருவர் இருப்பதற்குத்தான் விலை. அந்த விலையை யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதற்கு ஒவ்வொரு காலமும் ஒரு விடை கண்டது. டெல்டா மண்ணில் அந்த விடைகள் கல்லிலும் காகிதத்திலும் மிச்சமிருக்கின்றன.

மிக எளிய விடை சுமைதாங்கிக் கல். நட்ட கல் இரண்டு, குறுக்கே கிடத்திய கல் ஒன்று. தலைச்சுமையோடு நடந்து வருகிறவர் பிறர் கைகொடுக்காமலே சுமையை இறக்கி வைக்கவும், திரும்பத் தலைக்கு ஏற்றவும் தோதான உயரம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் இதை நட்டார்கள். இறக்க முடியாமல் போன சுமையை நினைத்து, வழிப்போக்கர் சுமையை இறக்க ஓர் இடம். அந்தத் துக்கத்தைப் பற்றி எழுதச் சொற்கள் போதாது. கட்டுரையின் கணக்குக்கு மட்டும் ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன்: இந்த உதவிக்குக் காத்திருக்கும் ஆள் தேவையில்லை. நட்ட அன்றோடு செலவு முடிந்தது. 200 ஆண்டு கழித்தும் அது வேலை செய்யும்.

தண்ணீர்ப் பந்தல் அப்படிப்பட்டதில்லை. அங்கே தினமும் ஒருவர் நீர் இறைத்து ஊற்ற வேண்டும், குயவர் புதுப்பானை தர வேண்டும். சோழர் கல்வெட்டுகளில் தண்ணீர்ப் பந்தலுக்கு விட்ட நிலங்களைப் பற்றிப் படிக்கும்போது, தண்ணீர் சுமப்பவருக்கு இவ்வளவு நெல், கலம் கொடுக்கும் குயவருக்கு இவ்வளவு நெல் என்று பங்கு பிரித்திருப்பதைக் காணலாம். தருமம் செய்தவர்கள் புண்ணியத்தை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளவில்லை. நிற்கப்போகும் ஆளின் கூலிக்கு நெல் எங்கிருந்து வரும் என்பதையும் எழுதி வைத்தார்கள்.

இந்த எண்ணம் முழு அளவில் வளர்ந்து நின்ற இடம், தஞ்சை மராட்டியரின் சத்திரங்கள். பிரதாபசிம்மர் காலம் (1739–1763) தொட்டு அடுத்த முக்கால் நூற்றாண்டில், தஞ்சாவூரிலிருந்து ராமேசுவரம் போகும் சேதுப் பாதையிலும் பிற வழிகளிலும் அவை எழுந்தன. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம், மணமேல்குடியில் திரௌபதாம்பாள் சத்திரம், கடலோரமாக இராசாமடம் சத்திரம். பெரும்பாலானவை அரச குடும்பத்துப் பெண்களின் பெயர் தாங்கியவை. ஒரத்தநாட்டுச் சத்திரம் 1802 வாக்கில் இரண்டாம் சரபோஜி தம் அன்புக்குரிய முத்தாம்பாளின் நினைவாகக் கட்டியது. ஊருக்கே முத்தாம்பாள்புரம் என்ற பெயரும் வழங்கியது. தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு 20 கி.மீ.க்குச் சற்று மேல், அங்கிருந்து பட்டுக்கோட்டையும் ஏறத்தாழ அவ்வளவே. காலையில் கிளம்பி நடந்தால் பொழுது சாய்வதற்குள் எட்டிவிடலாம். பட்டுக்கோட்டை தாண்டினால் ஆற்றுப் பாசனம் மெலிந்து, வறண்ட மறவர் சீமை தொடங்கும். காசியிலிருந்து வந்தவருக்கு அதுதான் கடைசிப் பாலை.

இந்தச் சத்திரங்களில் என்ன நடந்தது என்பதை அறிய நல்ல சான்று, 1801 ஜனவரியில் சரபோஜி தஞ்சையின் ஆங்கிலேய ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம். அது எழுதப்பட்ட நேரத்தை மறந்துவிடக் கூடாது. 1799 ஒப்பந்தத்தால் நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போய்விட்டது. சரபோஜிக்கு மிஞ்சியது கோட்டையும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும், ஆண்டுக்கு 1 லட்சம் நட்சத்திர வராகனும். சத்திரத்து நிலங்களும் கம்பெனி கணக்கில் சேர்ந்துவிடுமோ என்ற அச்சத்தில், அவற்றைத் தம் பொறுப்பிலேயே விட்டுவைக்கும்படி கேட்டு எழுதுகிறார். தஞ்சை நாடு தருமத்தால் பெயர்பெற்றது, அந்தப் பெயரே தமக்குப் பெருமை என்கிறார். நாட்டை இழந்த அரசர் இறுகப் பற்றிக்கொண்டது வழிப்போக்கரின் சோற்றை.

அவர் அடுக்கும் செய்திகளைச் சுருக்கித் தருகிறேன். பிராமணர் முதல் பறையர் வரை, யோகிகள், ஜங்கமர், பைராகிகள் உட்பட வருகிறவர் எல்லோருக்கும் சோறு. சமைத்ததை உண்ணாதவர்க்கு அரிசியும் மளிகையும். உணவு நள்ளிரவு வரை நடக்கும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாரும் இருந்தால் வரச்சொல்லிக் கூவுவார்கள். பயணத்தைத் தொடர முடியாதவர் தங்கும்வரை தங்கலாம், அதுவரை சோறு உண்டு. நோயுற்றவருக்கு மருந்தும் பத்தியமும். வீக்கத்துக்கும் பாம்புக்கடிக்கும் வைத்தியம் தெரிந்தவர்கள் உண்டு. வழியில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஆகும் செலவு, குழந்தைக்குப் பால். வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை உபாத்தியாயரிடம் ஒப்படைத்து, மூன்று வேளை சோறு போட்டு, நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்து, துணி கொடுத்து வளர்ப்பது. இறந்துபோனவருக்கு அவரவர் குல வழக்கப்படி கடைசிக் காரியம்.

இந்தப் பட்டியலில் என்னை நிறுத்திவைப்பது அந்த நள்ளிரவு மணி. யார் வருவார், எத்தனை பேர் வருவார் என்று தெரியாமலே உலை வைத்திருக்கிறார்கள். வராத நாளிலும் மணி அடித்திருப்பார்கள். முன்னே சொன்ன ரெக்கவரி வண்டியின் காத்திருப்புக்கூலி இங்கே சமையற்காரருக்கும் வைத்தியருக்கும் மணி அடிப்பவருக்கும் போய்ச் சேர்ந்தது. கொடுத்தது சத்திரத்துக்கு விட்ட நிலம். ஆகவே நடுவழியில் காய்ச்சலில் விழுந்தவர் ஒரு காசும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. விலை அவர் வருவதற்கு முன்பே கொடுத்தாகிவிட்டது.

யார் கொடுத்தார்கள்? அரசர் கொடுத்தார் என்று எழுதிவிட்டுப் போவது வழக்கம். அது பாதி உண்மை. நெல் விளைந்தது சத்திர நிலத்தில். விளைவித்தது அங்கே உழுத குடியானவரும், சேற்றில் நாற்று நட்ட பண்ணையாட்களும். மேல்வாரம் சத்திரத்துக்குப் போனது. அந்தப் பண்ணையாள் தன் வாழ்நாளில் ராமேசுவரம் போயிருக்க வழியில்லை. காசியிலிருந்து வந்தவரின் உலையில் கொதித்தது அவருடைய உழைப்பு. சத்திரங்களைப் போற்றும் எழுத்துகளில் இந்த வரி விட்டுப்போகிறது. சேர்த்து எழுதுவதுதான் நேர்மை. எல்லோருக்கும் சோறு என்பதையும் அப்படியே நிறுத்திவிட முடியாது. எல்லோருக்கும் ஒரே பந்தி இல்லை. சாதிக்கொரு இடம், சாதிக்கொரு முறை. உயிர்போகும் பசியில் சோறு கிடைத்தது என்பது எவ்வளவு உண்மையோ, அதை வாங்க நிற்க வேண்டிய இடம் பிறப்பால் தீர்மானமானது என்பதும் அவ்வளவு உண்மை.

1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் அரசு கம்பெனி கைக்குப் போய் முடிந்தது. சத்திரங்கள் கைமாறின, பிறகு ஜில்லா போர்டின் பொறுப்பில் வந்தன. இதற்கிடையே பாதையே மாறிவிட்டது. 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம்–திருச்சி ரயில் ஓடத் தொடங்கியது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் ராமேசுவரத்துக்கு நடந்துபோக வேண்டிய தேவை போய்விட்டது. நள்ளிரவு மணிக்கு எழுந்துவர ஆளில்லை. பின்னர் ஜில்லா போர்டுத் தலைவராக வந்த ஏ.டி. பன்னீர்செல்வம் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். சத்திரத்து வருவாயைப் பள்ளிப் பிள்ளைகளின் பக்கம் திருப்பினார். ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் பிராமணரல்லாத ஏழை மாணவர்கள் தங்கிப் படிக்க விடுதிகள் வந்தன. வடமொழிக்கு மட்டுமே இருந்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. வழிப்போக்கருக்கு விட்ட நிலம் பண்ணையாளின் பேரனைப் படிக்க வைத்தது என்றால், அது நிலத்தின் கடன் ஓரளவு தீர்ந்த கணக்குதான். அதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அன்றோடு சாலைக்கென்று இருந்த பணம் சாலையை விட்டு விலகிவிட்டது.

இதே டெல்டாச் சாலையில் வழிப்போக்கருக்கு உதவுவது குற்றமாக இருந்த நாட்களும் உண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் உப்புச் சத்தியாகிரகத்துக்காக வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். வழி தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி. தஞ்சை கலெக்டர் ஜே.ஏ. தார்ன் இவர்களைத் தடியால் அடிக்கப் போகவில்லை. சோற்றை நிறுத்தினார். இவர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்களுக்கு ஆறு மாதம் வரை சிறை என்று தண்டோரா போட்டார், துண்டறிக்கை விட்டார். சாலையின் உயிர் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நடப்பவரைக் காலால் நிறுத்த முடியாது, வயிற்றால் நிறுத்தலாம்.

கும்பகோணத்தில் அவர்களை உபசரித்த பந்துலு ஐயர் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த வழி இந்தக் கட்டுரைக்கு வேண்டிய செய்தி. சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யார் என்று போலீஸால் சொல்ல முடியாது. மரத்தைக் கைது செய்ய முடியாது. சுமைதாங்கிக் கல் செய்த வேலையை அந்த ஏப்ரல் வெயிலில் புளியமரங்களும் ஆலமரங்களும் செய்தன. தொண்டர்கள் ஏப்ரல் 28இல் வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30ஆம் தேதி உப்பெடுத்த ராஜாஜி கைதானார், அவருக்கும் ஆறு மாதம். உப்பு எடுத்தவருக்கும் உப்பெடுக்கப் போனவருக்குச் சோறு போட்டவருக்கும் ஒரே தண்டனை.

அந்தச் சட்டத்தின் நேர் எதிர்ப்பக்கத்துக்கு வர இந்தியாவுக்கு 89 ஆண்டு ஆனது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் மீது வழக்குத் தொடர முடியாது, பெயர், முகவரி சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. இதற்கு வழிகாட்டியவை 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த நெறிமுறைகள். கும்பகோணம் சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கலாமா, போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைய நேருமா என்று தயங்கி நிற்கும் ஒவ்வொருவரும் இந்தப் பிரிவைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அடிபட்ட மனிதரைப் பொறுத்தவரை இன்றைய தமிழ்நாடு சத்திரங்களின் காலத்தைவிட நல்ல விடையையே வைத்திருக்கிறது. 2008 செப்டம்பர் 15 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது, கட்டணம் இல்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, தொடங்கும்போது ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்ற வரம்புக்குள், அரசே ஏற்றது. எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் என்று கேட்பதில்லை. 2025இல் மத்திய அரசும் ஏழு நாளுக்கு 1.5 லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவித்தது. இங்கே காத்திருப்புக்கூலி வரிப்பணத்திலிருந்து போகிறது. திருத்துறைப்பூண்டியில் ஆம்புலன்ஸ் நாள் முழுக்கச் சும்மா நின்றாலும் ஓட்டுநருக்குச் சம்பளம் உண்டு. அந்தச் சும்மா நிற்றலை வீண் செலவு என்று சொல்லுகிறவர், நள்ளிரவு மணியையும் வீண் என்றுதான் சொல்லியிருப்பார்.

ஆஸ்திரேலியாவின் உட்பாலையிலும் இதே பாடத்தைத்தான் கற்றார்கள். அங்கே மருத்துவரிடம் போய்ச்சேர நாட்கணக்கில் ஆகும் என்ற நிலையில், ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் 1928இல் குளோன்கரி என்ற ஊரிலிருந்து பறக்கும் மருத்துவர் சேவையைத் தொடங்கினார். நோயாளியிடம் விமானச் செலவைக் கேட்டிருந்தால் ஆட்டுப்பண்ணைக் கூலியாள் ஒருவரும் பிழைத்திருக்க மாட்டார். நன்கொடையும் அரசு மானியமும் அந்த விமானங்களைக் காத்திருக்க வைக்கின்றன.

வண்டிக்கு வந்தால் நிலைமை வேறு. தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண் இருக்கிறது. அழைத்தால் ரோந்து வண்டியும், தேவைப்பட்டால் ஆம்புலன்ஸும், நின்றுபோன வண்டியைச் சாலையிலிருந்து அகற்றக் கிரேனும் வரும். தஞ்சாவூர்–திருச்சி சாலையில் வாழவந்தான்கோட்டை சுங்கச்சாவடியில் பணம் கட்டுகிறோமே, அதில் இந்தக் காத்திருப்புக்கூலியும் அடக்கம். கட்டணத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அந்தக் கட்டணத்துக்குள் நமக்கு உரியதான உதவியைக் கேட்டுப் பெறத் தெரியாமலே போகிறோம். ஆனால் 1033 தேசிய நெடுஞ்சாலையோடு நின்றுவிடும். டெல்டாவின் நரம்புகள் மாநிலச் சாலைகள், மாவட்டச் சாலைகள், ஆற்றங்கரைச் சாலைகள், வாய்க்காலை ஒட்டிய ஊராட்சிச் சாலைகள். அங்கே அந்த எண்ணுக்கு வேலையில்லை.

காப்பீட்டில் சாலையோர உதவி என்று தனித் தொகை கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். டயர் மாற்றுவது, பேட்டரிக்கு உயிர் கொடுப்பது, பெட்ரோல் கொண்டுவந்து கொடுப்பது, பக்கத்துப் பட்டறைக்கு இழுத்துப் போவது இதில் அடங்கும். இழுத்துப் போகும் தூரத்துக்கு வரம்பு உண்டு, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நாம் கட்ட வேண்டும். நிறுவனத்தின் பட்டறை தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இருக்கும்போது வரம்பு கரைந்துபோகும். கையெழுத்துப் போடுமுன் அந்தக் கிலோமீட்டர் வரியைப் படித்துவிடுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் கட்டும் பழைய சரக்கு ஆட்டோவுக்கும் டிராக்டருக்கும் இந்த வசதி பெரும்பாலும் எட்டாது. எட்ட வேண்டியவர்களோ அவர்கள்தான். இன்னொன்று: வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடலாம் என்றும் நினைக்க முடியாது. பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டியை இழுத்துப்போகப் போலீஸுக்கு அதிகாரம் தருகிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவு. இழுத்த கூலி உரிமையாளர் தலையில்.

தை, மாசி அறுவடைக் காலத்தில் இந்த உதவி இல்லாத குறை உறைக்கும். சேலம், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து கதிர் அறுக்கும் மிஷின்கள் வந்து இறங்கும். ஈரம் காயாத வயலில் டயர் மிஷின் புதையும், அதற்குத்தான் பெல்ட் மிஷின் தேடுகிறார்கள். வாடகை மணிக்கணக்கில் ஓடும். சேற்றில் சிக்கிய மிஷினை மீட்கும் நேரத்துக்கும் வாடகை உண்டா என்ற பேச்சு களத்துமேட்டில் எழும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து மூட்டை ஏற்றிவரும் லாரி வாய்க்கால் மதகில் அச்சு முறிந்து நின்றால், பின்னால் வரும் அத்தனை லாரியும் நிற்கும். வானம் இருண்டால் நெல் நனையும். லாரியை இழுக்க ஆகும் கூலியைவிடப் பெரிய விலை அங்கே திறந்த வெளியில் குவிந்து கிடக்கிறது.

அந்த நேரத்தில் வருவது யார்? ஊர் டிராக்டர்க்காரர் இரும்புச் சங்கிலியோடு வருவார். சந்தி முனையில் பழைய டயரில் வெள்ளைப் பெயிண்டால் ‘பஞ்சர்’ என்று எழுதித் தொங்கவிட்டிருப்பவர், கடைப் பலகையில் படுத்த தூக்கம் கலைந்து ஜாக்கியோடு வருவார். மதகுச் சுவர்களிலும் மைல்கல்லிலும் கைபேசி எண்ணை எழுதி வைத்திருப்பதும் இவர்கள்தான். டிராக்டர்க்காரர் பல சமயம் பணமே வாங்குவதில்லை, டீ மட்டும் குடித்துவிட்டுப் போகிறார். பஞ்சர் கடைக்காரர் இரவு 2 மணிக்குக் கொஞ்சம் கூடக் கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது. அவர் ராத்திரி முழுக்க அந்தப் பலகையில் காத்திருந்ததற்கு யாரும் நிலம் விடவில்லை, வரிப்பணத்தில் சம்பளம் இல்லை, சுங்கத்தில் பங்கில்லை. டெல்டாவின் சாலைக் காவல் முழுவதையும் தன் தூக்கத்தால் நடத்திக்கொண்டிருப்பவர் அவர். கூடக் கேட்கும் அந்தத் தொகை நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது, எந்த விலை கொடுத்தாலும் எந்த வண்டியும் வரமுடியாத நிலை வந்தது. தென்னையும் மின்கம்பமும் சாலை முழுக்கக் கிடந்தன. பல ஊர்களில் இளைஞர்கள் அரிவாளும் ரம்பமும் எடுத்துத் தாங்களே வழி வெட்டினார்கள். அரசு இயந்திரம் வந்துசேரும் வரை சாலையைத் திறந்து வைத்தது ஊர்தான்.

ஊரை நம்பியே இருந்துவிடலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஊர் செய்கிற வேலைக்கு ஒரு பொதுப்பணம் பின்னால் நிற்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். சத்திர நிர்வாகம் இன்றும் தஞ்சை மாவட்ட ஆட்சியரின் கீழ், தனி வட்டாட்சியரோடு இயங்குகிறது. சத்திரத்துச் சொத்துகளின் வருவாயில் மாணவர் விடுதிகளுக்கு உரியது போக ஒரு சிறு பங்கை, அந்த நிலங்கள் எதற்காக விடப்பட்டனவோ அந்தச் சாலைக்குத் திருப்பித் தரலாம். பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். சேதுப் பாதையின் சத்திர வாசல் ஒவ்வொன்றிலும் இரவு முழுக்க எரியும் ஒரு விளக்கு, ஒரு குடிநீர்க் குழாய், பெண்களும் அஞ்சாமல் போகத்தக்க ஒரு கழிப்பிடம், அந்தப் பகுதி மெக்கானிக்குகளின் எண்களும் கிலோமீட்டர் கட்டணமும் எழுதிய ஒரு பலகை. இரவு முறை வைத்து விழித்திருக்கும் மெக்கானிக்குக்கு ஒரு மாதத் தொகை. ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்கு வழிநெடுக ஊர்க்காரர்கள் தண்ணீரும் சோறும் கொடுக்கிறார்களே, அந்த நடைப்பயணிகளுக்கும் படுக்க ஓர் இடம் கிடைக்கும்.

மாவட்ட நிர்வாகம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நீடாமங்கலத்திலும் ஒரத்தநாட்டிலும் அந்தக் கட்டடங்கள் இன்னும் சாலையோரத்தில்தான் நிற்கின்றன.